உப்பிட்டவரை

என் டட்சன் நூறு ஏ-யின் அடித்தகட்டை
இந்தக் குளிர்காலத்தில் மூன்றாவது முறையாகச் சுரண்டுகிறேன்.
முப்பத்தொரு வருடம் பல் மருத்துவமனையில் இருந்தவள்.
சொத்தை எனக்குப் புதிதல்ல.
மேலே பளபளப்பு, உள்ளே பொந்து.
கம்பியால் மெல்லக் குத்தினால்
அடுத்து விரலே நுழையும்.

கொக்கோலாவில் அக்டோபர் பிறந்தால்
நகராட்சி லாரி சாலைக்கு உப்புப் போடும்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது
மனிதர்களைவிடத் தகரத்துக்கு நன்றாக வரும்.
யோகோஹாமாவில் கப்பலேற்றியவர்கள்
இதை இந்தக் காரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.
மைனஸ் முப்பதில்
பக்கத்து வீட்டு ரஷ்ய வண்டி இருமிக்கொண்டிருக்க,
சோக்கை இழுத்ததும் இது கிளம்பும்.
அதற்காகத்தான் அன்று தெருவே வாங்கியது.
கிளம்பிக் கிளம்பி,
கிளம்பியபடியே கரைந்தது.

இடது கதவு எங்கும் கிடைக்கவில்லை.
கயானியில் யோன்னா என்ற பெண்ணிடம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு
வேன் இரவல் வாங்கிக்கொண்டு போனேன்.
ஒரு காலில் ரப்பர் பூட்ஸ், மறு காலில் கம்பளிச் செருப்பு,
கையில் பூனை.
"அப்பாவோட கொட்டகை. வெள்ளிக்குள்ள காலி பண்ணணும்."
என் கார் ஆரஞ்சு. கதவு பச்சை.
எண்பது யூரோ என்றாள்.
எழுபது என்று சொல்லிக்கொண்டே
பனியில் அதைப் புரட்டினேன்.

கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே
கரண்டியால் அள்ளியதுபோல் ஒரு குழி.
உள்பக்கம், அறுந்த பிடிக்குப் பதிலாக
பனிச்சறுக்குக் கம்பின் சிவப்பு வார்.
அந்த முடிச்சு நான் போட்டது.

எழுபத்தொன்பது. பால் கேன் வைக்கும் மர மேடை.
வளைத்துப் பின்னெடுத்தது நான் என்பான் வெய்யோ.
நீதான் என்பேன்.
நாலு வருடச் சண்டைக்கு அந்த ஒரு குழி போதுமானதாக இருந்தது.
எண்பத்து மூன்றில், ஒரு செவ்வாய்க்கிழமை,
நான் வேலையில் இருந்தபோது வண்டியை விற்றான்,
படகுக்கு இன்ஜின் வாங்க.
எங்களிடம் படகு இல்லை.
அதைப் பிறகு வாங்கினான்.

எண்பதே கொடுத்தேன்.

கராஜில் உள்பலகையைக் கழற்றினேன்.
பதினொரு கிளிப்பில் மூன்று உடைந்தன.
கண்ணாடி ஏற்றும் பொறிக்குப் பின்னால் விளக்கைக் காட்டினால்
குழியின் முதுகில்
சுத்தியல் தடங்கள்.
நகக்கண் அளவு, நெருக்க நெருக்கமாய்,
விளிம்பிலிருந்து நடுவை நோக்கி
வட்டம் வட்டமாய் வந்து
பாதியில் நின்றுவிட்டன.

நான் தட்டியதில்லை.
யோன்னாவின் அப்பாவாக இருக்கலாம்,
இடையில் வைத்திருந்த யாராகவோ இருக்கலாம்.
ஆனால் ஒவ்வொரு தடத்தின் ஓரத்திலும்
அதே பிறைக் கீறல்.
விளிம்பு சிதைந்த அந்தச் சுத்தியல்
என் மேசையில், இரண்டாவது இழுப்பறையில் கிடக்கிறது.
அவன் விட்டுப்போனவற்றில்
நான் தூக்கியெறியாத ஒரே சாமான்.

எப்போது தட்டினான்?
சனிக்கிழமை நான் நீச்சலுக்குப் போன நேரத்திலா?
ஒரு கிளிப்பும் உடையாமல் கழற்றி
உடையாமல் மாட்டியிருக்கிறான்.
அது தனி எரிச்சல்.

வெய்யோ இப்போது ஸ்பெயினில், வெயிலில், முழங்கால் வலியோடு.
எண் என்னிடம் இருக்கிறது.
கேட்கலாம்.
கேட்டால், இடித்தது யார் என்ற பேச்சும் வரும்.

கதவை மாட்டிவிட்டேன்.
பெயிண்ட் அடிக்கவில்லை.
ஸ்டேஷன் அருகே பையன்கள் கிளி, கிளி என்கிறார்கள்.
துருவைத் தடுக்கும் மெழுகை உள்ளே இரண்டு பூச்சு தெளித்தேன்,
தடங்களின்மேல் இன்னும் ஒன்று.
குழி அப்படியே இருக்கிறது.

நகருங்கள், வெளிச்சத்தை மறைக்கிறீர்கள்.
அடித்தகட்டில் ஒரு சொத்தை பாக்கி.